ஓரத்தில் மச்சம் இருந்த விதை

கிருத்திகை அன்று திருத்தணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், ஏற்றிய சவாரியை வழியில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறார் என்றால் விஷயம் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். நான் பாடம் நடத்தும் நான்காம் வகுப்பின் வாசலில் அப்படி ஒருவர் வந்து நின்றார். வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே அவருடைய ஆட்டோ. உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஐந்தோ ஆறோ நெருக்கியடித்துக்கொண்டு. மலையிலிருந்து இறங்கி ரயிலுக்குப் போகிறவர்கள். அதில் ஒரு மொட்டை வெளியே எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது.

"ரெண்டே நிமிஷம் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே அவர் காக்கிச் சட்டைப் பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். ஈரத்துணி மேல் ஒரு மொச்சை. நல்ல வெள்ளை வேர் விட்டிருந்தது.

"எங்க பாப்பாது மட்டும் மொளைக்கலையாமே மிஸ். நாலு நாளா அழுதுகினு கீது. சரியா சோறு துன்றதில்ல. அதான் வூட்ல கொஞ்சம் ஊறப்போட்டேன். இது ஒண்ணு நல்லா வந்துச்சு. மாத்தி வச்சிடுங்க. அவளுக்குத் தெரிய வேணாம்."

வகுப்பில் பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லாரும் மைதானத்தில். அதையும் அவரே சொன்னார்: "இப்ப பி.டி. பீரியடுன்னு டைரில பாத்துட்டுதான் வந்தேன்."

ஜன்னல் ஓரத்தில் முப்பது பிளாஸ்டிக் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சுருட்டி நனைத்த டிஷ்யூ காகிதம், காகிதத்துக்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு மொச்சை, வெளியே பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு. தினமும் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். அவ்வளவுதான் வேலை. எட்டு நாளில் இருபத்தொன்பது டம்ளர்களில் வேர் வந்துவிட்டது. அவர் பெண்ணின் டம்ளரில் மொச்சை போட்டது போட்டபடி இருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது இந்தப் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வந்தது வெட்கம். அவர் என்னைச் செய்யச் சொன்ன காரியத்தை நான் ஏற்கனவே ஒருமுறை செய்திருக்கிறேன். அவர் யாரும் கேட்காமல் தன் பெண்ணுக்காகச் செய்கிறார். நான் அதைச் செய்தது அயர்லாந்தில், ஆசிரியர் பயிற்சி மாணவியாக, மேற்பார்வையாளர் வருகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம்.

இதைச் சொல்ல வேண்டுமானால் என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் இதே ஊரில் பிளஸ் டூ படித்தேன். அறிவியல் பிரிவு. எங்களுக்கு ஆய்வகம் உண்டு, ஆய்வக உதவியாளர் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது எப்படி என்றால், முந்தைய வருடம் படித்த அக்கா யாரிடமாவது நோட்டை வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் நம் தாளை வைத்துக் கோட்டின் மேல் கோடு இழுக்க வேண்டும். அந்த அக்காவும் அப்படித்தான் இழுத்திருப்பார். முதன்முதலில் நிஜமான தவளையைப் பார்த்து வரைந்த அக்கா யார் என்று எனக்குத் தெரியாது.

இயற்பியலில் ஊசல் சோதனை. குண்டை ஆட்டிவிட்டு நேரம் குறித்துக் கணக்குப் போட்டால் கடைசியில் 9.8 வர வேண்டும். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. யாருக்கும் வந்ததில்லை. அதனால் 9.8-இல் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இந்த நீளத்துக்கு இத்தனை நொடி என்று எழுதிக்கொள்வோம். ஏற்கனவே எழுதியிருந்த நிஜமான அளவுகளை ரப்பரால் அழித்துவிடுவோம். வேதியியலில் இன்னும் சுலபம். செய்முறைத் தேர்வு அன்று, நாங்கள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டிய உப்பைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுக்கும்போதே ஆய்வக உதவியாளர் அதன் பெயரைத் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்துவிடுவார். நல்ல மனிதர். பிள்ளைகள் தேற வேண்டும் என்ற அக்கறை அவருக்கு. நான் சோதனைக் குழாயில் பழுப்பு வளையம் தோன்றுகிறது என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அந்த வளையத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை, நானும்தான். அதற்குப் பிறகு தினமும் ரயிலில் அரக்கோணம் தாண்டிப் போய் வேதியியல் படித்தேன். பி.எட். படித்தேன். பி.எட். தேர்வில் "செய்து கற்றல்" என்பதைப் பற்றி ஐந்து பக்கம் எழுதச் சொன்னார்கள். முன்னுரை, தேவை, நன்மைகள், ஆசிரியரின் பங்கு, முடிவுரை என்று தலைப்புகளோடு மனப்பாடம் செய்து எழுதினேன். மனப்பாடம் செய்து எழுதியது செய்து கற்றலைப் பற்றி என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல மதிப்பெண் வந்தது.

பிறகு எப்படியோ விண்ணப்பித்து, எப்படியோ இடம் கிடைத்து, அயர்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்புக்குப் போனேன். பாதிப் படிப்பு கல்லூரியில், பாதி ஒரு பள்ளியில் பயிற்சி. எனக்குக் கொடுத்தது கடலோரமாக ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. எட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர். அந்த வகுப்பின் ஆசிரியர் என்னைவிட மூன்று வயது சின்னவர். மூக்கு எப்போதும் ஜலதோஷத்தில் சிவந்திருக்கும், காலணிக் கயிறு அவிழ்ந்தே இருக்கும். இவரிடம் நான் என்ன கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று முதல் நாள் நினைத்தேன்.

முதல் வாரம் பிள்ளைகள் துணிப்பை தைத்தார்கள். நிஜ ஊசி. அடுத்த வாரம் ஆப்பிள் நறுக்கினார்கள். நிஜக் கத்தி. எட்டு வயதுப் பிள்ளை கையில் கத்தியைப் பார்த்ததும் நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எனக்குப் பொறுமை என்பது சுத்தமாகக் கிடையாது. தடுமாறுகிற கையைப் பார்த்தால் என் கை தானாக நீளும். ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் ஒரு பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு கஷ்டப்பட்டான். வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். கோணலாக நறுக்கிய துண்டை வாங்கி நேராக நறுக்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் நன்றி சொன்னார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆப்பிள் நறுக்கிய அன்று பள்ளி விட்டதும் அந்த ஆசிரியர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்று நீங்கள் ஏழு பிள்ளைகளின் வேலையைச் செய்தீர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு பேருக்கும் நாளைக்கு அது தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்தது குற்றமா என்று கேட்டேன்.

"குற்றம் இல்லை. கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பாருங்கள்" என்றார்.

என் சுடிதாரில் பாக்கெட் கிடையாது. அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய் இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் வைத்த கால்சட்டை வாங்கினேன். திங்கள்கிழமையிலிருந்து கை இரண்டும் உள்ளே. சில நேரம் உள்ளேயே நகத்தால் துணியைக் கிள்ளிக்கொண்டு நிற்பேன். நூல் கோக்கத் தெரியாத பையன் அரை மணி நேரம் எடுத்தான், ஆனால் கோத்தான். நான் எழுதிய ஐந்து பக்கத்தில் இந்த அரை மணி நேரத்துக்கு இடமே இருந்ததில்லை.

கையைக் கட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விதைப் பாடம் என்னுடைய சொந்தப் பாடம். நானே திட்டமிட்டு, நானே நடத்த வேண்டும். பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் நான் அந்தப் பயிற்சியில் தேறுவதும் தேறாததும். தேறாவிட்டால் பட்டம் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். ஊரில் என்ன சொல்வார்கள் என்று நான் ஒவ்வொரு தெருவாக யோசித்து வைத்திருந்தேன்.

அங்கே மொச்சை கிடையாது. பட்டையாக ஓர் அவரை விதை உண்டு. நம் மொச்சைக்குப் பெரியம்மா மகள் மாதிரி இருக்கும். இதே மாதிரி டம்ளரில் போட்டு வைக்க ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். தினம் காலையில் பத்து நிமிடம் பார்த்து வரைய வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "விதை எப்படி இருக்கும் என்று நினைத்து வரையாதே. உன் டம்ளரில் இருக்கிற விதையைப் பார்த்து வரை." ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் கோடு இழுத்தவள் இதைச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஒரு பெண். கட்டையாக வெட்டிய செம்பட்டை முடி, எப்போதும் ஒரு காலுறை கீழே சரிந்திருக்கும். அதிகம் பேச மாட்டாள். அவள் விதை மட்டும் முளைக்கவில்லை. ஐந்தாம் நாள் எல்லாருக்கும் வேர் வந்தது. எட்டாம் நாள் சிலருக்குத் தண்டு வந்தது. இவள் தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்த் தன் டம்ளர் முன் குனிந்து நிற்பாள். பிறகு உட்கார்ந்து வரைவாள். பதினோரு நாளும் ஏறக்குறைய ஒரே படம். அவள் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். படத்தைச் சரியாகப் பார்த்தேனா என்றால், இல்லை. வேர் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

அவளுக்காக எனக்கு மனசு அடித்துக்கொண்டது நிஜம். வியாழக்கிழமை மேற்பார்வையாளர் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் விதையைக் காட்டிப் பேச வேண்டும். இவள் மட்டும் எதைக் காட்டுவாள் என்ற கவலையும் நிஜம். ஆனால் எனக்குள் இன்னொன்றும் ஓடியது. எங்கள் பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே தரையைக் கழுவி, சார்ட்டுகளை மாட்டி, நன்றாகப் படிக்கிற பெண்களை முன்வரிசைக்கு மாற்றிவிடுவார்கள். வருகிறவர் கண்ணில் ஓட்டை உடைசல் படக்கூடாது. அது என் ரத்தத்தில் ஊறியிருந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் நான் மட்டும் வகுப்பில் இருந்தேன். என் அறை ஜன்னலில் உபரியாக நான்கு விதை முளைக்க வைத்திருந்தேன். அதில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் காலையிலேயே கொண்டுவந்திருந்தேன். அவள் டம்ளரிலிருந்து முளைக்காததை எடுத்து, ஆப்பிள் தோலும் டீத்தூள் பையும் போடுகிற உரக்குப்பை வாளியில் போட்டேன். முளைத்ததை அந்த இடத்தில் வைத்தேன். காகிதத்தைக்கூட அதே மாதிரி மடித்து வைத்தேன்.

எனக்குக் குற்றவுணர்ச்சி ஒன்றும் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. அறைக்குப் போகிற வழியிலேயே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நல்ல காரியம் பண்ண" என்றார் அம்மா. "கொழந்த மனசு நோவாம பாத்துக்கினியே. அது போதும். நீ சாப்ட்டியா?"

ஆங், சாப்பிட்டேன் என்றேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் டம்ளரை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனார்கள். அந்தப் பெண் தன்னுடையதை எடுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நோட்டைத் திறந்து முந்தைய நாள் பக்கத்தைப் பார்த்தாள், மறுபடி டம்ளரைப் பார்த்தாள். பிறகு எழுந்து மற்றவர்களின் டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனாள்.

என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"என் விதையை" என்றாள். "இது என்னுடையது இல்லை."

நோட்டைக் காட்டினாள். அப்போதுதான் நான் அவள் வரைந்ததைப் பார்த்தேன். விதையின் ஓரத்தில், வளைவு திரும்புகிற இடத்தில், பழுப்பாக ஒரு மச்சம். முதல் நாள் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் நாள் இருந்தது. பதினோரு பக்கத்திலும், அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. நான் வைத்த விதையில் மச்சம் இல்லை. பதினோரு பக்கத்திலும் அதன் கீழே என் கையெழுத்து.

மேற்பார்வையாளர் பேனாவை எடுத்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாய் தானாகப் பேசியது. "அது மச்சமாக இருந்திருக்காது. தண்ணீர்த் துளியாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் நிழலாக இருந்திருக்கும். இப்போது முளைத்துவிட்டது, பார்."

"தினமுமா?" என்று கேட்டாள்.

"சில நேரம் அப்படித் தெரியும்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். நான் டீச்சர். அவளுக்கு எட்டு வயது. இடத்தில் போய் உட்கார்ந்து, பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, முதல் நாள் பக்கத்தைத் திருப்பி, மச்சத்தை அழிக்க ஆரம்பித்தாள்.

முதல் நாள் மச்சம் போனது. ரப்பர் துகளை ஊதிவிட்டு இரண்டாம் நாளைத் திருப்பினாள். அதுவும் போனது. மூன்றாம் நாள். எனக்கு எங்கள் ஆய்வக மேசை நினைவுக்கு வந்தது. ஊசல் குண்டு ஒரு பக்கம் சும்மா தொங்க, நாங்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து நிஜ அளவுகளை அழித்துக்கொண்டிருந்தது. எங்களுக்காவது மதிப்பெண் என்று ஒரு லாபம் இருந்தது. இவள் தன் கண்ணால் பார்த்ததை நான் சொன்ன ஒரே காரணத்துக்காக அழித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன்னாலும் உணர்ந்ததில்லை, பின்னாலும் உணர்ந்ததில்லை.

நான்காம் பக்கத்தைத் திருப்பும்போது பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அவள் கையைப் பிடித்தேன்.

"அழிக்காதே. நீ பார்த்தது சரி. மச்சம் இருந்தது. நேற்று நீ போனபிறகு நான்தான் விதையை மாற்றினேன்."

அந்த ஆசிரியர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்?" என்றாள்.

"உன்னுடையது முளைக்கவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று நினைத்தேன்."

"நான் வருத்தப்படவில்லையே" என்றாள். "அது ஏன் முளைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." பிறகு கேட்டாள்: "என் விதை எங்கே?"

வாளியைச் சொன்னேன். இருபது பிள்ளைகளும் வாளியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் பாடத்திட்டம் அங்கேயே முடிந்தது. செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்து, ஆப்பிள் தோலையும் டீத்தூளையும் விலக்கினார்கள். விதை கொடுத்த அன்று நான் கழித்துப் போட்ட விதைகள் அதில் ஐந்தாறு கிடந்தன. அவள் நோட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தன்னுடையதைக் கண்டுபிடித்தாள். ஓரத்தில் மச்சம். கத்தியால் இரண்டாகப் பிளந்தாள். உள்ளே கறுத்துக் கூழாகியிருந்தது. மச்சத்துக்கு நேர் கீழேதான் அழுகல் ஆரம்பித்திருந்தது. எல்லாரும் முகர்ந்து பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

அழித்த மூன்று மச்சங்களையும் திரும்ப வரைந்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதினாள்: "என் விதையை டீச்சர் எடுத்துவிட்டு வேறு வைத்தார். குப்பையில் கண்டுபிடித்தேன். உள்ளே அழுகிவிட்டது. மச்சம் இருக்கும் இடத்தில் ஆரம்பித்தது." எழுதி முடித்து, வழக்கம்போல் என் முன்னால் நோட்டை நீட்டினாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஆசிரியர்களின் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேற்பார்வையாளர் எனக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. முழுத் தோல்வியும் கொடுக்கவில்லை. பயிற்சிக் காலத்தை நீட்டி, வேறொரு பாடம் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும் என்று எழுதினார். ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னபோது, "ஃபெயிலாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, மறுபடியும் பண்ணச் சொல்றாங்க" என்றேன். "அப்ப பண்ணு" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். மறுபடி நடத்தினேன், தேறினேன். அந்தப் பாடம் என்ன என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை.

சரி, ஆட்டோக்காரர்.

அவர் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தக் கதையெல்லாம் அவரிடம் சொல்ல நேரமில்லை. கேட்டுக்கு வெளியே ஹார்ன் அடிக்கிறார்கள். மொட்டைத் தலை ஒன்று ஓட்டுநர் இருக்கைக்கே நகர்ந்துவிட்டது. தவிர, எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. அங்கே அந்தப் பெண் வருத்தப்படவில்லை. இங்கே இந்தப் பெண் சோறு சாப்பிடாமல் அழுகிறாள். அங்கே கற்றதை அப்படியே இங்கே கொட்டினால் எடுபடுமா என்று எனக்கு நிச்சயமில்லை. அழுகிற பிள்ளையின் அப்பாவிடம், அழட்டும் என்று எப்படிச் சொல்வது?

மேசையிலிருந்து அவர் பெண்ணின் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "இத ஒரு தடவ பாருங்க" என்றேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல்தான் கொடுத்தேன்.

அவர் டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பினார். இரண்டு பக்கம் திருப்பியதும் நின்றார்.

"இது இன்னா மிஸ், கோடு?"

"கீறல். அவ மொச்சைல தோல் கீறியிருக்கு. டம்ளர்ல பாருங்க."

டம்ளரிடம் போய்க் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் தலையை முன்னும் பின்னும் நகர்த்தினார். மயிரிழை மாதிரி ஒரு கீறல். முனையில் இரண்டாகப் பிரியும். நோட்டிலும் முனையில் இரண்டாகப் பிரிந்திருந்தது. எட்டுப் பக்கத்திலும்.

"இத்தினி நுணுக்கமா பாத்துகினு இருந்திருக்காளா?" என்றார். திரும்பி வந்து தன் டப்பாவிலிருந்த மொச்சையை விரலால் புரட்டிப் பார்த்தார். அதில் கீறல் இல்லை. "கண்டுபுடிச்சிடுவா" என்றார்.

"ஆங், கண்டுபுடிச்சிடுவா."

"அப்ப இன்னா மிஸ் பண்றது? அழுவுறாளே."

"அழட்டும் கொஞ்சம்" என்றேன். சொல்லியேவிட்டேன். "வூட்டுக்குப் போய் நீங்க இத எடுத்தாந்ததச் சொல்லுங்க அவகிட்ட. மாத்தி வைக்கலாம்னு வந்தேன்னு சொல்லுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் டிராஃபிக் போலீஸிடம் மாட்டியவர் போல் இருந்தது. "நானா? நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் ஒரு தடவ சொல்லிப் பாத்திருக்கேன்" என்றேன். "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிடும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "வரேங்க மிஸ்" என்று ஓடினார். கேட்டில் மொட்டைகள் ஒரே குரலில் அவரைத் திட்டுவது வகுப்புவரை கேட்டது.

மறுநாள் காலை அந்தப் பெண் எல்லாருக்கும் முன்னால் வந்து டம்ளர் முன் நின்றாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. உட்கார்ந்து வரைந்தாள், எழுதினாள், கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். கீறல் இருந்தது, முனையில் இரண்டாகப் பிரிந்து. அதன் கீழே எழுதியிருந்தாள்:

"ஒன்பதாம் நாள். முளைக்கவில்லை. நைனா வேறு மொச்சை எடுத்து வந்தார். அதில் கீறல் இல்லை. அது என்னுடையது இல்லை. அம்மா அதைக் குழம்பில் போட்டுவிட்டார்."

"இன்னும் அழுகை வருதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வருது மிஸ்" என்றாள். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அறுத்துப் பாக்கலாமா மிஸ்? உள்ள இன்னா கீதுன்னு."

எங்கள் பள்ளியில் வகுப்புக்குள் கத்தி கூடாது என்று தலைமையாசிரியையின் உத்தரவு. மேசை டிராயரின் பின்பக்கம் ஒரு சின்னக் கத்தி வைத்திருக்கிறேன். எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். அவள் மொச்சையை மேசை மேல் வைத்து, ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, கீறலின் மேலேயே கத்தியை வைத்தாள். மொச்சை வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. புடவையில் பாக்கெட் கிடையாது. நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.